மேல்தளத்தை உடைப்பதா, வைத்துக்கொள்வதா? கடன் கேட்கும் முன் யோசிப்போம்

(ஸ்ரீரங்கத்தில் நடந்த கூட்டமைப்பின் கோடைகாலக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



ஒவ்வொரு மாசமும் குழுக்களின் தீர்மான நோட்டைப் பார்க்கிறோம். மாசி, பங்குனி வந்துவிட்டால் ஒரே மாதிரி கடன் விண்ணப்பம் நிறைய வருகிறது. "மேல்தளம் உடைச்சுப் போட", "தட்டோடு மாத்த", "சீட் மாத்த", "தெர்மோகோல் சீலிங் அடிக்க" என்று எழுதியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், "உள்ளே உட்கார முடியலைங்க, வெக்கை தாங்கலை" என்று ஒரு அக்கா சொல்கிறார். "ஐப்பசி மழைக்கு அண்டா வச்சுப் பிடிக்கிறோம்" என்று இன்னொரு அக்கா சொல்கிறார்.

இரண்டும் நிஜமான கஷ்டம்தான். திருச்சியில் சித்திரை, வைகாசி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது நமக்குப் புதிதில்லை. தீவுப் பக்கத்தில் வீட்டிலிருந்தே பூ கட்டிக் கொடுக்கும் சகோதரிகளுக்கு மத்தியானம் வீடு சூடானால் பூவும் வாடும், கூலியும் குறையும். பச்சைப் பிள்ளையும் வயசானவர்களும் பகல் முழுக்க அந்த வீட்டுக்குள்தான் இருக்கிறார்கள். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆகவே வெக்கையைக் குறைக்க நினைப்பதை யாரும் ஆடம்பரம் என்று சொல்ல முடியாது.

ஆனால் "மொத்தமா உடைச்சிடுங்கம்மா" என்று கொத்தனார் சொன்னதும் கடன் வாங்கி உடைத்துவிடலாமா? அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

மேலே இருப்பது என்ன?

கான்கிரீட் தளத்துக்கு மேலே நம் பக்கத்து மெத்தை வீடுகளில் இன்னொரு அடுக்கு இருக்கும். செங்கல் ஜல்லியையும் நீற்றிய சுண்ணாம்பையும் கலந்து, சுமார் 3 அங்குலம் கொட்டி, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் அடிப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளிப்பார்கள். அதன் மேல் தட்டோடு பதிப்பார்கள். இதைத்தான் பொறியாளர்கள் வெதரிங் கோர்ஸ் என்கிறார்கள்.

இந்த அடுக்குக்கு இரண்டு வேலை. செங்கல் ஜல்லிக்குள் சின்னச் சின்னக் காற்றுத் துளைகள் இருக்கின்றன. வெயிலின் சூடு சட்டென்று கீழே இறங்காமல் அவை தடுக்கும். வாட்டம் கொடுத்துப் போடுவதால் மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடும். வாட்டம் கெட்டுத் தண்ணீர் உள்ளே இறங்கி ஜல்லி ஊறிவிட்டால் இரண்டு வேலையும் கெடும். நனைந்த கம்பளி குளிரைத் தாங்குமா? அதுபோல ஊறிய தளம் சூட்டையும் தாங்காது.

முதல் கேள்வி: எதற்காக மாற்றுகிறோம்?

உடம்புக்குச் சரியில்லை என்றால் டாக்டர் முதலில் என்ன செய்கிறது என்றுதானே கேட்கிறார்? வீட்டுக்கும் அப்படித்தான். மேல்தளத்துக்கு வருவது மூன்று வகை நோய்.

ஒன்று, வெக்கை மட்டும். ஒழுகல் இல்லை, விரிசல் இல்லை, ஆனால் ராத்திரி பத்து மணிக்கும் தளம் அனலாக இருக்கும்.

இரண்டு, ஒழுகல். மழைக்கு ஓதம், சொட்டு, சுவரில் பாசி.

மூன்று, தளமே பலவீனம். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடித்து, அடிப்பூச்சு பெயர்ந்து விழும்.

இந்த மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. வெக்கைக்கு உடைத்தால் பணம் வீண். ஒழுகலுக்கு வெள்ளை அடித்தால் ஒரு மழையோடு போச்சு. கம்பி துருப்பிடித்ததைக் கவனிக்காமல் மேலே புதுத் தளம் போட்டால் உயிருக்கே ஆபத்து.

நாமே பார்த்துத் தெரிந்துகொள்வது எப்படி?

இதற்குப் பொறியியல் படிப்பு வேண்டாம். பாதி விஷயத்தை நம் கண்ணும் காதும் சொல்லிவிடும்.

• மழை பெய்யும்போதே சொட்டினால் மேலே விரிசலோ, தண்ணீர்க் குழாய் அடைப்போ இருக்கும். மழை விட்டு ஒரு நாள், இரண்டு நாள் கழித்தும் சொட்டினால் ஜல்லி ஊறியிருக்கிறது என்று அர்த்தம்.

• சுவர் ஓரமாக மட்டும் ஓதம் என்றால் கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் பிளவு இருக்கும். அரசங்கன்று, வேப்பங்கன்று முளைத்திருந்தால் அதன் வேர் வழியாகத்தான் தண்ணீர் இறங்குகிறது.

• மழையே இல்லாத மாதத்திலும் ஓதம் இருந்தால் தண்ணீர்த் தொட்டியையோ குழாயையோ சந்தேகப்படுங்கள்.

• மேலே போய் ஒரு குச்சியால் தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். 'டங்' என்றால் பிடிப்பு நன்றாக இருக்கிறது. 'தொப்' என்றால் அடியில் விட்டுவிட்டது. தொப் என்ற இடத்திலெல்லாம் சாக்கட்டியால் குறி போடுங்கள். குறி ஒரு மூலையில் மட்டும் இருக்கிறதா, தளம் முழுக்க இருக்கிறதா என்று பாருங்கள்.

• கடைசியாகக் கீழே வந்து அண்ணாந்து பாருங்கள். பழுப்பு நிறக் கறை, கம்பி போகும் வழியில் நேர்கோடாக விரிசல், பூச்சு உப்பல், வெளியே தெரியும் கம்பி என்று ஏதாவது இருந்தால் அது மூன்றாம் வகை நோய். அந்த இடத்துக்குக் கீழே கட்டிலையும் தொட்டிலையும் அன்றைக்கே நகர்த்திவிடுங்கள். இதற்குக் கொத்தனார் மட்டும் போதாது, பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும்.

இரண்டு வீடுகள், இரண்டு முடிவுகள்

அந்தநல்லூர் ஒன்றியத்தில் ஒரு சகோதரியின் தொகுப்பு வீடு ஒழுகியது. மொத்தத் தளத்தையும் உடைத்துப் போட 65,000 ரூபாய் ஆகும் என்றார்கள். கடன் தீர்மானம் எழுதுவதற்கு முன் குழுவிலிருந்து நான்கு பேர் மாடி ஏறிப் பார்த்தார்கள். தண்ணீர் போகும் குழாயின் வாயில் வேப்பிலைச் சருகும் மண்ணும் கெட்டியாக அடைத்திருந்தது. அதைச் சுற்றி இரண்டு கைப்பாய் அளவுக்குத் தட்டோடு தொப் என்றது. மற்ற இடமெல்லாம் டங். அந்த இடத்தை மட்டும் பெயர்த்து, காயவைத்து, திரும்பப் பதித்து, மூலைப் பிளவை அடைத்தார்கள். 6,000 ரூபாய்க்குள் வேலை முடிந்தது. அடுத்து வந்த ஐப்பசியில் வீடு ஒழுகவில்லை.

இன்னொரு ஊரில் நேர் எதிர். அடிப்பூச்சு பெயர்ந்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரர் செலவுக்குப் பயந்து கீழே ஒரு பூச்சு, மேலே ஒரு வெள்ளை என்று மூடிவிட்டார். ஒரு மத்தியானம் கான்கிரீட் துண்டு கட்டில் மேல் விழுந்தது. நல்ல வேளையாக அந்த நேரம் கட்டிலில் யாரும் இல்லை. அந்த வீட்டில் உடைத்துத்தான் ஆக வேண்டியிருந்தது.

சகோதரிகளே, உடைப்பது தப்பும் இல்லை, உடைக்காமல் விடுவது சிக்கனமும் இல்லை. பார்த்து முடிவெடுப்பதுதான் சிக்கனம்.

உடைக்கத்தான் வேண்டும் என்றால்

தளம் முழுக்கத் தொப் தொப் என்கிறது, ஜல்லி மண் மாதிரி உதிர்கிறது என்றால் உடைக்கலாம். அப்போது கவனிக்க வேண்டியவை:

1. பழைய அடுக்கை எடுக்காமல் அதன் மேலேயே புது அடுக்கு போட விடாதீர்கள். 3 அங்குலச் செங்கல் ஜல்லித் தளம் ஒரு சதுரத்துக்கு, அதாவது 100 சதுர அடிக்கு, ஒரு டன்னுக்கு மேல் எடை வரும். 300 சதுர அடி வீடு என்றால் மூன்று, நான்கு டன். அந்தப் பாரத்தை இரண்டு மடங்காக ஏற்றினால் பழைய கான்கிரீட் தாங்குமா?

2. பெரிய சம்மட்டியால் அடிக்கக் கூடாது. சின்ன உளியும் சுத்தியலும் போதும். உடைத்த குப்பையைத் தளத்தின் நடுவில் குவிக்காமல் உடனுக்குடன் கீழே இறக்கச் சொல்லுங்கள்.

3. புது அடுக்கு போடுமுன் கான்கிரீட்டின் விரிசல்களை அடைக்க வேண்டும். இது முடிந்ததை நீங்களே மேலே ஏறிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

4. வாட்டம் 10 அடிக்கு 2 அங்குலமாவது இருக்கட்டும். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி, நிற்காமல் ஓடுகிறதா என்று பாருங்கள். அதற்கப்புறம் கூலி கொடுங்கள்.

5. இப்போது சில இடங்களில் சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் கலந்து ஜல்லியைக் கொட்டிவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும், ஆனால் வெயிலில் வெடிக்கும். சுண்ணாம்பு வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால், எடை குறைந்த வெள்ளை நிறக் கூலிங் டைல்ஸ் பற்றிக் கேளுங்கள். அதிலும் வாட்டத்தையும் மூலைப் பூச்சையும் விட்டுவிடக் கூடாது.

6. புரட்டாசிக்கு முன் வேலை முடிந்து, தண்ணீர் விட்டு ஆற்றிய தளம் நன்றாக இறுகியிருக்க வேண்டும். ஐப்பசியில் ஆரம்பிக்கவே கூடாது.

ஸ்ரீரங்கத்துப் பழைய வீட்டில் குடியிருப்பவர்களுக்கு

இங்கே வீதிகளில் இருக்கும் பழைய வீடுகள் பலவற்றில் கான்கிரீட்டே கிடையாது. மர உத்திரத்தின் மேல் கட்டைகளை அடுக்கி, செங்கலைக் குத்துக்கல்லாகச் செருகி, அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி போட்ட தளம் அது. மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். முற்றமும் உயரமான தளமும் இருப்பதால் கோடையிலும் வீடு குளிர்ச்சியாக இருக்கும். இதன் மேல் சிமெண்ட் கான்கிரீட்டைக் கொட்டிவிடாதீர்கள். சிமெண்ட் இறுகிப்போய் ஈரத்தை வெளியே விடாது. ஈரம் உள்ளேயே தங்கி உத்திரம் உளுத்துப்போகும், பாரமும் கூடும். சுண்ணாம்புத் தளத்தைச் சுண்ணாம்பால்தான் பழுதுபார்க்க வேண்டும். முதலில் உத்திரத்தின் சுவர் ஓர முனையைத் தட்டிப் பாருங்கள், கரையான் அங்கேதான் ஆரம்பிக்கும்.

வாடகை வீடு என்றால் இதெல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு. அடுத்தவர் தளத்துக்கு நம் குழுக் கடனைப் போட வேண்டாம்.

ஆஸ்பெஸ்டாஸ் சீட் வீடு: இங்கே பேச்சே வேறு

இந்தப் பகுதியை மட்டும் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். சிமெண்ட் சீட் என்று நாம் சொல்லும் பழைய சீட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கிறது. எல்லா வகை ஆஸ்பெஸ்டாஸும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 50-க்கும் மேற்பட்ட நாடுகள் தடை செய்துவிட்டன. நம் நாட்டில் சீட்டாக விற்பனை இன்னும் நடக்கிறது. 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் விதிகளிலேயே ஓலை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை கூடாது என்று சொன்னார்கள்.

உடனே பயந்து இன்றைக்கே சீட்டை உடைத்துவிடாதீர்கள். முழுசாக, உடையாமல் இருக்கும் சீட்டிலிருந்து நார் அதிகம் பறக்காது. உடைத்தால், அறுத்தால், துளை போட்டால், காய்ந்த துடைப்பத்தால் தேய்த்தால்தான் கண்ணுக்குத் தெரியாத தூசி கிளம்பும். மூச்சில் போன அந்த நார் நுரையீரலிலேயே தங்கி, 20, 30, 40 வருஷம் கழித்துக்கூட நோயாக வரும்.

பெண்களாகிய நமக்கு ஒரு முக்கியச் செய்தி. 1965-ல் லண்டனில் வெளியான ஓர் ஆய்வில், ஆஸ்பெஸ்டாஸ் வேலைக்கே போகாத பெண்களுக்கும் இந்தப் புற்றுநோய் வந்தது தெரிந்தது. அவர்களில் பலர் செய்த ஒரே காரியம், அந்த வேலைக்குப் போன கணவரின் அழுக்குத் துணியைத் துவைத்ததுதான். ஆகவே சீட் வேலை செய்த துணியை உதறாதீர்கள், வாளித் தண்ணீரில் முக்கித் தனியாக அலசுங்கள்.

அமெரிக்காவில் மொன்டானா மாநிலத்தில் லிபி என்ற ஊரில் ஒரு சுரங்கம் இருந்தது. அங்கே எடுத்த வெர்மிகுலைட் என்ற பொருளை லட்சக்கணக்கான வீடுகளின் கூரைக்கடியில் குளிர் தடுக்கக் கொட்டினார்கள். அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது. 1990-ல் சுரங்கம் மூடப்பட்டது. இன்றும் அந்த நாட்டு அரசு வீட்டுக்காரர்களுக்குச் சொல்லும் முதல் வார்த்தை, "அதைக் கிளறாதீர்கள்" என்பதுதான். நமக்கும் அதே விதிதான்.

சீட் உடைந்து, உதிர்ந்து, மாற்றியே தீர வேண்டும் என்றால் தண்ணீர் தெளித்து நனைத்து, போல்ட்டைக் கழற்றி, முழுசாக இறக்க வேண்டும். வேலை முடியும்வரை பிள்ளைகள், கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் வர வேண்டாம். மூக்கில் முந்தானையைக் கட்டினால் போதாது, இந்தத் தூசிக்கென்றே இருக்கும் நல்ல முகக்கவசம் வேண்டும். உடைந்த துண்டுகளைக் கோழிக்கூண்டுக்கும் அடுப்புக்குத் தடுப்பாகவும் வைக்காதீர்கள். இன்னொன்று, சீட் மேல் யாரும் ஏறி நடக்கக் கூடாது. நோய் வருவது பிறகு, சீட் உடைந்து கீழே விழுந்தால் அன்றைக்கே உயிர் போகும்.

தெர்மோகோல் சீலிங்

சீட்டுக்குக் கீழே தெர்மோகோல் அடித்தால் வெக்கை குறையும், உண்மைதான். ஆனால் அது சீக்கிரம் தீப்பிடிக்கும், புகை மூச்சை அடைக்கும். விறகடுப்போ கேஸ் அடுப்போ இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே அடித்திருந்தால் உள்ளே எலி கூடு கட்டியிருக்கிறதா, மின்வயரைக் கடித்திருக்கிறதா என்று பாருங்கள். அதை அடிப்பதற்கு ஆஸ்பெஸ்டாஸ் சீட்டில் துளை போடவும் கூடாது.

வெக்கைக்கு மட்டும்தான் என்றால்: வெள்ளை!

தளம் நன்றாக இருக்கிறது, வெக்கை மட்டும்தான் தொல்லை என்றால் முதலில் செய்ய வேண்டியது மாடிக்கு வெள்ளை அடிப்பது. கறுத்த தளம் வெயிலைக் குடிக்கும், வெள்ளைத் தளம் வெயிலைத் திருப்பி அனுப்பும்.

குஜராத்தில் அகமதாபாத் நகரில் 2010 மே மாத வெப்ப அலையில் நிறையப் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு 2013-ல் அந்த நகரம் வெப்பத்தைச் சமாளிக்கத் தனித் திட்டம் போட்டது. 2017-லிருந்து குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை அடிக்கும் வேலை தொடங்கியது. சேவா அமைப்பிலிருந்து பிறந்த மகிளா ஹவுசிங் டிரஸ்ட் அங்கே பெண்களோடு சேர்ந்து இந்த வேலையைச் செய்கிறது. நம்மைப் போன்ற பெண்கள்தான் வீடு வீடாகப் போய் எடுத்துச் சொன்னார்கள். வீட்டுக்குள் 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறைகிறது என்கிறார்கள். தெலங்கானா அரசு 2023-ல் இதற்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது.

செய்முறை எளிது. தளத்தைக் கூட்டி, கழுவி, ஈரமாக இருக்கும்போதே நீற்றிய சுண்ணாம்பில் கொஞ்சம் பசை கலந்து இரண்டு கோட் அடியுங்கள். சின்ன வீட்டுக்குச் சில நூறு ரூபாயில் முடியும். மழையில் கரையும் என்பதால் வருஷா வருஷம் மாசியில் அடிக்க வேண்டும். சுண்ணாம்பு நீற்றும்போது தெறிக்கும், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மழைநீரைத் தொட்டியில் பிடிப்பவர்கள் முதல் மழையை வெளியே விட்டுவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் சீட் என்றால் சுரண்டாமல், ஏறாமல், பக்கத்தில் ஏணி வைத்து நீளக் கம்பில் பிரஷ் கட்டி அடியுங்கள். இடம் இருந்தால் மேற்குப் பக்கம் பந்தல் போட்டுச் சுரையோ பீர்க்கோ படரவிடுங்கள். நிழலும் ஆச்சு, குழம்புக்கும் ஆச்சு.

கடன் கணக்கு

உதாரணத்துக்கு, தளத்துக்காக 36,000 ரூபாய் குழுக் கடன், நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, 24 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதம் அசல் 1,500. முதல் மாதம் வட்டி 360, ஆக 1,860 கட்ட வேண்டும். அசல் குறையக் குறைய வட்டியும் குறையும். 24 மாதத்தில் மொத்த வட்டி 4,500 ரூபாய். இதே தொகையை வெளியே ஐந்து ரூபாய் வட்டிக்கு வாங்கினால் மாத வட்டியே 1,800. இரண்டு வருஷத்தில் வட்டி மட்டும் 43,200 கட்டியிருப்போம், அசல் 36,000 அப்படியே நிற்கும்!

மாடு வாங்கிய கடனுக்குப் பால் வட்டி கட்டும். தளம் போட்ட கடனுக்கு எது கட்டும்? நம் கூலிதான். அதனால்தான் தேவையான அளவுக்கு மட்டும் வாங்குங்கள் என்கிறோம். விண்ணப்பம் எழுதுமுன் ஊராட்சியிலும் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் கேளுங்கள். அரசுத் திட்டத்தில் கட்டிய பழைய வீடுகளைப் பழுதுபார்க்க 2024-ல் ஒரு திட்டம் அறிவித்தார்கள். அது போன்ற ஏதாவது திட்டத்தில் நம் வீடும் வருமா என்று விசாரிப்பது நம் உரிமை.

அடுத்த குழுக் கூட்டத்தில் செய்வோம்

• மேல்தளக் கடன் கேட்கும் உறுப்பினர் வீட்டை மூன்று பேர் நேரில் பார்த்த பிறகே தீர்மானம் எழுதுவோம்.

• வெக்கையா, ஒழுகலா, பலவீனமா என்று தீர்மான நோட்டில் எழுதுவோம்.

• இரண்டு கொத்தனாரிடமாவது எழுத்தில் மதிப்பீடு வாங்குவோம். பழைய தளத்தை எடுப்பது, விரிசல் அடைப்பது, வாட்டம், குப்பை இறக்குவது எல்லாம் அதில் தனித்தனியாக இருக்கட்டும்.

• ஆடி முடிவதற்குள் ஒவ்வொரு குழுவும் தன் உறுப்பினர்களின் மாடிக் குழாய் அடைப்பைச் சுத்தம் செய்வோம். இதற்குக் காசே வேண்டாம்.

• கம்பி தெரியும் வீடு இருந்தால் அடுத்த கூட்டம்வரை காத்திருக்காமல் உடனே கூட்டமைப்புக்குச் சொல்வோம்.

வீட்டுக்குள் அதிக நேரம் இருப்பது நாம். வெக்கையில் வேகுவதும் நாம், தவணை கட்டுவதும் நாம். அப்படியிருக்கும்போது "அவர் பேசிட்டாரு, கொத்தனார் சொல்லிட்டாரு" என்று தலையாட்ட வேண்டாம். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு தடவை நாமே மாடி ஏறிப் பார்ப்போம். தட்டிப் பார்த்து, கேட்டுத் தெரிந்து, கணக்குப் போட்டு முடிவெடுப்போம்.